எட்டாவது மூலை

அத்தியாயம் பதினான்கு

திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிப் போன கெத்தூரா, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் பிரிட்ஜ்டவுன் திரும்பினாள். தீவின் கிழக்குக் கரையில் மீனவப் பெண்களிடம் வாங்கிய சிப்பி மூன்று மூட்டை இருந்தது. சர்க்கரைப் பீப்பாய் ஏற்றி வந்த வண்டியின் பின்பக்கம் மூட்டைகளோடு மூட்டையாக அவளும் உட்கார்ந்து வந்தாள்.

ஸ்வான் தெருவில் அவள் வீட்டில் இப்போது மூன்று பேர். காலரா வந்த வருஷத்தில் ஒரே வாரத்தில் அவள் கணவன் சைலஸும் ஆறு வயது மகளும் போனார்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவளும் மாமனார் ஒபதையா கிட்டென்ஸும் மிஞ்சினார்கள். போன வருஷம் சைலஸின் தங்கை டார்க்கஸ், வடக்கே தோட்டத்துரை வீட்டில் பார்த்த வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தாள்.

கிழவர் தேவதாரு மரத்தில் எண்கோணப் பெட்டி செய்வார். பெண்கள் அதற்குள் பஞ்சும் காகிதமும் விரித்து, வச்சிரப் பசை தடவி, சிப்பி பதிப்பார்கள். மேலே கண்ணாடி வரும். கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் ஊரில் காத்திருக்கிறவளிடம் கொடுப்பார்கள். ஸ்வான் தெருவில் கிட்டென்ஸ் பெட்டி என்றால் தனி மதிப்பு.

வாசலிலேயே டார்க்கஸ் நின்றாள். முகம் பூராவும் சிரிப்பு.

“அண்ணி, என் பெட்டி போயிருச்சு!”

“எந்தப் பெட்டி?”

“நானே பண்ணின பெட்டி. நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் ஒருத்தர் வந்தாரு. ‘ஹெஸ்டர் ஆன்’ கப்பலோட மேட்டு, கேப்டனுக்கு அடுத்த ஆளு. பேரு பென்னி. வியாழக்கிழமை கப்பல் கிளம்புது, நடுவுல ரோஜாப்பூ வச்சு ஒண்ணு முடியுமான்னாரு. முடியும்னுட்டேன். மூணு நாள் சோறு தண்ணி பாக்கல. நேத்துச் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு.”

“ரோஜாவா? இளஞ்சிவப்புச் சிப்பி நம்மகிட்ட ஏது?”

“அப்பா எடுத்துக் கொடுத்தாரே. மேல் அலமாரில ஒரு ஜாடி இருந்துச்சு. ஆமா, யாரு அண்ணி அதையெல்லாம் ஜோடி ஜோடியா நூல் போட்டுக் கட்டி வச்சது? முடிச்சு அவுத்து அவுத்து என் நகமே போச்சு, இங்க பாருங்க.”

டார்க்கஸ் விரல்களை நீட்டிக் காட்டினாள். கெத்தூரா விரல்களைப் பார்க்கவில்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேசை மேல் தட்டில் இளஞ்சிவப்பு ஓடுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் குழந்தையின் நகம் போல இருக்கும். கடலில் கிடைக்கும்போது இரண்டு ஓடும் ஒட்டிக்கொண்டு, இறக்கை விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். ரோஜா இதழ் எல்லாம் ஒரே பக்கம் சுழல வேண்டும் என்பதால் பிரித்து இடது பக்க ஓடுகளை மட்டும் எடுப்பார்கள். தட்டில் இருந்தவை எல்லாம் வலது ஓடு. டார்க்கஸ் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள்.

துடைப்பத்தின் அடியில் குப்பையோடு நீல நூல் துண்டுகள் சுருண்டு கிடந்தன.

கெத்தூரா ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். பிறகு பின்கட்டுப் பட்டறைக்குப் போனாள்.

ஒபதையா ஜன்னலுக்கு நேராக நின்று பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்த ஜாடியை நீங்களா எடுத்துக் கொடுத்தீங்க?”

“வந்துட்டியா? ஆமா, நான்தான்.” ரம்பம் நிற்கவில்லை.

“எந்த ஜாடின்னு தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?”

ரம்பம் பாதி இழுப்பில் நின்றது. கிழவர் தலையைத் திருப்பவில்லை.

“தெரியாம என்ன? என் வீட்டு அலமாரி. சிப்பின்னா பதிக்கத்தான். அடுக்கி வச்சுப் பூசை பண்ணவா?”

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னது கிடையாது. இரண்டு சவப்பெட்டியும் அவரேதான் செய்தார். அப்போதுகூட இரவெல்லாம் வேலை செய்துவிட்டு, காலையில் அவளுக்குத்தான் முதலில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்.

கெத்தூரா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“டார்க்கஸ், கிளம்பு. அந்தக் கப்பலைக் காட்டு.”

“எதுக்கு அண்ணி? வேலைல ஏதாவது தப்பா?”

“வேலைல தப்பு இல்ல. நட.”

படகுத்துறையில் கஃபி ஹோல்டர் தன் படகில் கால் நீட்டிப் படுத்திருந்தான். சைலஸோடு சரக்குப் படகு தள்ளியவன். இப்போது சொந்தப் படகு, சொந்தச் சோம்பல்.

“என்ன, அண்ணியும் நாத்தனாரும் கப்பலேறி ஓடிப்போறீங்களா?”

“உன் வாயைக் கேக்காம இருக்க ஓடலாம்தான். ‘ஹெஸ்டர் ஆன்’ போயிருச்சா?”

“எங்க போகும்? கேப்டன் சுங்கத்துல கிளம்பற சீட்டுக்கு நிக்கிறாரு. அந்த குமாஸ்தா கையெழுத்துப் போடறதுக்குள்ள நான் பேரன் எடுத்துடுவேன். ஏறுங்க. டார்க்கஸு, நீ நடுவுல உக்காரு, படகு ஒரு பக்கம் சாயுது.”

“சாயறது உன் தொப்பையால. என்னைச் சொல்றியா?”

கஃபி சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டான். விரிகுடாவில் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. சர்க்கரை ஏற்றும் காலம்.

பாதித் தூரம் போன பிறகு கெத்தூரா வாய் திறந்தாள்.

“அந்த ஜாடி என் பொண்ணோடது.”

டார்க்கஸ் திரும்பிப் பார்த்தாள்.

“கடைசி வருஷம் பூரா அவ பொறுக்கினது. ரெண்டு ஓடும் பிரியக் கூடாதும்பா. சைலஸ் அவளுக்கு முடிச்சுப் போடக் கத்துக்கொடுத்தாரு. அதான் எல்லாத்தையும் கட்டி வச்சா.”

கஃபி துடுப்பு வலிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

“அண்ணி... அந்த முடிச்செல்லாம் நான்...”

“ம்.”

“யாருமே சொல்லலையே! ஒரு வருஷமா இருக்கேன். அவளைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்பா எப்படி எடுத்துக் கொடுத்தாரு? அவருக்குத் தெரியுமே?”

“தெரியும்னுதான் சொன்னாரு.”

டார்க்கஸ் அழ ஆரம்பித்தாள். கெத்தூரா இடுப்பில் கட்டியிருந்த துணியை எடுத்துக் கொடுத்தாள்.

“இப்ப அழாத. மேல ஏறணும், கண்ணு தெரியணும்.”

முடிச்சு போனது போனதுதான். அவிழ்த்த முடிச்சை யாரும் திருப்பிப் போட முடியாது. ஓடுகளையாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவள் மனத்தில் இருந்தது அவ்வளவுதான். மேட்டுக்கு வேறு பெட்டி கொடுக்கலாம்; வீட்டில் நட்சத்திரம் பதித்தது இரண்டு தயாராக இருக்கிறது. கெஞ்ச வேண்டுமானாலும் கெஞ்சிவிடலாம்.

பென்னி மேல்தளத்தில் சரக்கறை மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. டார்க்கஸைக் கண்டதும் அவனே எதிரே வந்தான்.

“நல்லவேளை நீங்களே வந்தீங்க. ஆள் அனுப்பணும்னு நெனச்சேன்.”

“இது எங்க அண்ணி. பெட்டியை ஒரு தரம் பாக்கணும்னாங்க” என்றாள் டார்க்கஸ்.

“பாக்கட்டும். பாத்துட்டு அவங்களே சொல்லட்டும்.”

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். கம்பளிச் சட்டையில் சுற்றி வைத்திருந்தான்.

கெத்தூரா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தாள். ரோஜா நடுவில் இருந்தது. இதழ் மேல் இதழ் ஒரு பிசிறு இல்லாமல் சுழன்று உள்ளே போனது. சுற்றிலும் பழுப்பில் இதயம், விளிம்பில் வெள்ளை அரிசிச் சிப்பி. தானே உட்கார்ந்து செய்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

“பூவுல குறை சொல்ல மாட்டேன்” என்றான் பென்னி. “இந்தப் பக்கம் திருப்புங்க. இதைப் பாருங்க.”

திருப்பினாள்.

எண்கோணப் பெட்டிக்கு எட்டுத் துண்டு. ஒவ்வொன்றின் இரு முனையும் சாய்வாக அறுக்க வேண்டும். ஒரு துண்டில் மயிரிழை தப்பினால் கண்ணுக்குத் தெரியாது. எட்டிலும் தப்பினால் அத்தனையும் சேர்ந்து கடைசியாக மூடுகிற மூலையில் வந்து நிற்கும். அந்த எட்டாவது மூலை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கட்டை விரல் நகம் உள்ளே போகும். மரத்தூளையும் மெழுகையும் குழைத்து அடைத்து, மேலே எண்ணெய் தேய்த்து மறைத்திருந்தது.

அடைத்த கை ஒபதையாவின் கை. கெத்தூராவுக்குச் சந்தேகமில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு கண்ணாடி பொருத்துகிற வேலையை அவர் டார்க்கஸிடம் தள்ளிவிட்டார். உப்புத்தாள் போடும்போது பலகையைப் பார்க்காமல் விரலால் தடவிக்கொண்டே இருப்பார். போன மாதம் தெருவில் எதிரே வந்த பாதிரியாரைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விட்டார். கோபம் என்று ஊரே பேசியது. காலையில் அவள் கேட்டபோது ரம்பம் பாதியில் நின்றது. எந்த ஜாடி என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்வதைவிடக் கல்நெஞ்சன் என்று பேர் வாங்குவது மேல் என்று நினைத்திருக்கிறார்.

“வெட்டே சரியில்ல” என்றான் பென்னி. “கிட்டென்ஸ் பெட்டின்னு பேரைக் கேட்டுத்தான் வந்தேன். நீங்களே திருப்பி எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேண்டாம். பக்கத்துக் கப்பல்லயும் ரெண்டு பேர் உங்ககிட்டதான் வாங்கணும்னு இருந்தாங்க. வேற இடம் பாருங்கன்னு சொல்லி அனுப்பிடறேன்.”

டார்க்கஸ் கெத்தூராவின் முழங்கையை அழுத்தினாள். “அண்ணி, வாங்கிக்கோங்க. அவரே கொடுக்கிறாரு.”

கெஞ்ச வந்தவளுக்குக் கெஞ்ச வேண்டியதே இல்லை. பெட்டி அவள் மடியில்தான் இருந்தது. ‘சரிங்க, தப்புதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தால் போதும்.

கெத்தூரா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உங்க ஊரு எது?”

“பிரிஸ்டல் பக்கம்.”

“அங்க மழை எத்தனை மாசம்?”

“எத்தனை மாசம்னா? எப்பவும்தான்.”

“அதான் சொல்றேன். இந்த மரம் எங்க ஊர் வெயில்ல காஞ்சது. உங்க ஊர் ஈரத்துல உப்பும். எட்டு மூலையையும் இறுக்கி அடிச்சு அனுப்பினா, உப்பற மரம் எங்க போகும்? கண்ணாடியைத்தான் உடைக்கும். அதுக்குத்தான் ஒரு மூலைல எடம் விட்டு மெழுகு வச்சிருக்கு. ரெண்டு குளிர்காலம் போகட்டும், தானா மூடிக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சரளமாக வந்தது என்று அவளுக்கே உறைத்தது. 

பென்னிக்குப் பாதி நம்பிக்கை. பக்கத்தில் கப்பல் தச்சர் ஒரு மூடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த மனிதர்.

“ஏ பெரியவரே, இங்க வாங்க. இந்தம்மா சொல்றது நிஜமா?”

தச்சர் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். பெட்டியைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, கட்டை விரலை அந்த மூலையில் வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தார். அடுத்த மூலையில் வைத்து இழுத்தார். மற்ற ஏழு மூலையும் பார்த்துவிட்டுக் கெத்தூராவின் முகத்தைப் பார்த்தார்.

“மரம் உப்பும். அது நிஜம்தான்.” நிமிர்ந்தார். “செஞ்சது யாரும்மா?”

“என் மாமனார்.”

“வயசு?”

“அறுபத்தெட்டு.”

“எத்தனை வருஷமா செய்யறாரு?”

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து.”

“ம். இப்படி எடம் விடறது எல்லாருக்கும் வராது.” பென்னி பக்கம் திரும்பினார். “பேசாம வச்சுக்கோ தம்பி. நல்ல பெட்டி.”

பென்னியின் முகம் தெளிந்தது. தெளிந்த வேகத்தில் பேச்சும் வளர்ந்தது. ஜூலையில் திரும்ப வரும்போது கேப்டன் மனைவிக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஐந்து, மொத்தம் ஆறு பெட்டி தயாராக வேண்டும் என்றான்.

“ஆறுலயும் அந்த எடம் விடச் சொல்லு” என்றார் தச்சர். சிரிக்கவே இல்லை. ஆணி அடிக்கப் போய்விட்டார்.

“இது யாருக்குங்க?” என்று கெத்தூரா கேட்டாள். பெட்டி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

“சம்சாரத்துக்கு. பாத்து ரெண்டு வருஷமாச்சு. என் மூஞ்சி மறந்திருக்கும், இதையாவது பாக்கட்டும்.”

கண்ணாடியில் விரல் ரேகை பட்டிருந்தது. கெத்தூரா கைத்துணியால் துடைத்தாள். எட்டு ஓரமும் துடைத்தாள். பிறகு கொடுத்தாள்.

“வெயில் நேராப் படற எடத்துல மாட்ட வேண்டாம்னு சொல்லுங்க. நிறம் போயிடும்.”

படகு கப்பலை விட்டு விலகியதும் டார்க்கஸ் வெடித்தாள்.

“கையில கொடுத்தானே அண்ணி! கையில! மரம் உப்புமாம், மூடிக்குமாம். நம்ம வீட்டுல எந்தப் பெட்டிக்கு எடம் விட்டிருக்கோம்?”

“உங்கப்பாவுக்குக் கண்ணு போகுதுடி.”

டார்க்கஸ் திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

“அந்தப் பெட்டியைத் திருப்பி வாங்கியிருந்தா நாளைக்கு ஸ்வான் தெரு பூரா அந்த மூலையைப் பத்தித்தான் பேச்சு. அதுக்கப்புறம் அவர்கிட்ட யாரு பெட்டி கேப்பா? பட்டறைக்குப் போகாம ஒருநாள் அவர் இருப்பாரா, சொல்லு.”

“அப்ப காலைல தெரியும்னாரே?”

“வேற என்ன சொல்லுவாரு?”

கஃபி துடுப்பை நிறுத்தி, தொண்டையைச் செருமினான். “நான் ஒண்ணும் கேக்கல.”

“கேக்கலைன்னா அப்படியே இரு” என்றாள் கெத்தூரா.

“பெரியவருக்கு நான் எவ்வளவோ கடன்பட்டவன் அக்கா. என் வாய் பெருசுதான், ஆனா எல்லாத்துக்கும் திறக்காது.”

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அடுப்பு பற்ற வைக்கவில்லை. பட்டறையில் சத்தமும் இல்லை. ஒபதையா காலையில் அறுத்த அதே பலகைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி வெட்டில் ரம்பம் நின்றது நின்றபடியே இருந்தது.

“கிடைச்சுதா?” என்றார்.

“இல்ல மாமா.”

“பெட்டியைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எட்டாவது மூலை?”

“அதையும் பாத்தேன்.”

“அந்தாளு என்ன சொன்னான்?”

“ஆறு பெட்டி கேட்டிருக்கான். ஜூலைக்கு.”

ஒபதையா சிரிப்பது போல ஒரு சத்தம் செய்தார். “அப்ப அவன் கண்ணும் அவ்வளவுதான்.”

கெத்தூரா தரையில் மரத்தூளைக் காலால் ஒதுக்கிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். டார்க்கஸ் வாசற்படியிலேயே நின்றாள்.

“எப்பலேருந்து மாமா?”

“வலது கண்ணு போன வருஷமே. இடது கண்ணு கிறிஸ்துமஸுக்கு அப்புறம்.” கையை முகத்துக்கு முன்னால் தூக்கி இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார். “உன் மூஞ்சி இருக்கிற எடம் தெரியுது. மூஞ்சி தெரியல. காலைல நீ பேசின பேச்சுல ஏதோ ஆயிருச்சுன்னு புரிஞ்சுது. என்னன்னு புரியல. கேக்கவும் வாய் வரல. அதுக்குத்தான் அப்படிப் பேசிட்டேன்.” மூச்சு வாங்கினார். “எந்த ஜாடிம்மா அது?”

ஒரு பொய் அன்றைக்கு நன்றாகவே போயிருந்தது. இன்னொன்றும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏதோ பழைய ஜாடி, வெளியூரிலிருந்து வாங்கியது என்று சொன்னால் அவர் நம்புவார். நம்ப விரும்புவார்.

“ஃபில்லிஸோடது” என்றாள்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

கிழவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நூல் கட்டினதா?”

“ஆமா.”

“திறந்து கையை விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். மூடியோட எடுத்துக் கொடுத்துட்டேன்.” முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். “கப்பல் போயிருச்சா?”

“இன்னும் இல்லப்பா” என்றாள் டார்க்கஸ் படியிலிருந்து. “கேப்டன் கரையிலதான் இருக்காரு.”

ஒபதையா எழுந்தார்.

“மாமா, உக்காருங்க. நான் வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். இப்பப் போய்க் கேட்டா அந்த மூலையைப் பத்திச் சொல்லணும். சொன்னா துறைமுகம் பூராவும் தெரிஞ்சுரும். அப்புறம் இந்த வாசல்ல ஒரு கப்பல்காரன் ஏற மாட்டான்.”

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். இரண்டு எட்டு வைத்துச் சுவரோரம் போய், வலது கையைத் தூக்கிப் பலகையில் தடவினார்.

“கப்பலுக்கு நானே போறேன். என் தொப்பி எங்க?” என்றார்.

தொப்பி அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.